த விட்சர் 4

த விட்சர் 4 என்பது போலந்து நாட்டின் சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் உருவாக்கிவரும் கனவுருப்புனைவுப் பாத்திரமேற்பு நிகழ்பட ஆட்டம் ஆகும். போலந்து எழுத்தாளர் ஆன்ட்ஜேய் சப்கோவ்ஸ்கியின் விட்சர் கதைகளில் வரும் உலகமே இவ்வாட்டத்தின் களம். புதிய விட்சர் ஆட்டம் ஒன்று உருவாகி வருவதாக 2022 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. அதன் பெயரும் முதல் முன்னோட்டமும் 2024 டிசம்பரில் வெளியாயின. 2026 இறுதிக்குள் இதனை வெளியிடும் திட்டம் இல்லை என நிறுவனம் 2025 மார்ச்சில் தெரிவித்தது.

இவ்வாட்டம் கதைக்காக மட்டுமன்றி, உருவாக்கப்படும் முறைக்காகவும் கவனிக்கப்படுகிறது. பல ஆண்டுகளாகத் தானே எழுதி வளர்த்த மென்பொருள் அடித்தளத்தைக் கைவிட்டு, வேறொரு நிறுவனத்தின் அடித்தளத்தின்மீது சிடி புரொஜெக்ட் ரெட் இதனைக் கட்டிவருகிறது. 2020-இல் வெளியான சைபர்பங்க் 2077 ஆட்டத்தின் தொழில்நுட்பத் தோல்விக்குப் பின்னர் எடுக்கப்பட்ட முடிவு இது.

கதையுலகம்

சப்கோவ்ஸ்கியின் முதல் விட்சர் சிறுகதை, பன்டாஸ்டிக்கா என்னும் போலந்து இதழ் நடத்திய போட்டிக்காக எழுதப்பட்டு, 1986-இல் அவ்விதழில் வெளியானது. போட்டியில் அதற்கு மூன்றாம் இடமே கிடைத்தது. எனினும் வாசகர் வரவேற்பினால் மேலும் பல சிறுகதைகளும், 1994 முதல் 1999 வரை ஐந்து தொடர் புதினங்களும் எழுதப்பட்டன. போலந்து மொழியில் சூனியக்காரியைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஆண்பால் வடிவமாக அவர் ஆக்கிய சொல்லே ஆங்கிலத்தில் விட்சர் என வழங்குகிறது.

இக்கதைகளில் விட்சர் என்பவர் கூலிக்குக் கொடும் விலங்குகளையும் பூதங்களையும் வேட்டையாடுபவர். சிறு வயதிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டு, நச்சு மூலிகைச் சாறுகள் ஊட்டப்பட்டு, உடல் மாற்றத்துக்கு உள்ளாக்கப்படுகிறார். இச்சோதனையில் பெரும்பாலான சிறுவர்கள் இறந்துவிடுவர். பிழைத்தவர்களுக்கு இருளிலும் பார்க்கும் பூனைக் கண்களும் மிகுந்த வேகமும் வாய்க்கின்றன. ஊர் மக்கள் விட்சரின் உதவியை நாடுவர். வேலை முடிந்ததும் அவரை வெறுத்து ஒதுக்குவர். பூதத்தைவிட அதனை ஏவிய மனிதனே கொடியவனாக இருப்பது இக்கதைகளில் அடிக்கடி காணப்படும் கருத்தாகும்.

முந்தைய ஆட்டங்கள்

சிடி புரொஜெக்ட் நிறுவனம் 1994-இல் வார்சாவில் மார்சின் இவின்ஸ்கி, மிகல் கிசின்ஸ்கி ஆகிய இருவரால் தொடங்கப்பட்டது. முதலில் வெளிநாட்டு ஆட்டங்களை இறக்குமதி செய்து விற்பதும், அவற்றைப் போலந்து மொழிக்கு மாற்றுவதுமே அதன் தொழிலாக இருந்தன. சொந்தமாக ஆட்டங்களை உருவாக்குவதற்கென 2002-இல் சிடி புரொஜெக்ட் ரெட் என்னும் பிரிவு ஏற்படுத்தப்பட்டது.

2007-இல் வெளியான முதல் விட்சர் ஆட்டம், கனடாவின் பயோவேர் நிறுவனத்திடம் உரிமம் பெற்ற அரோரா என்னும் ஆட்டப்பொறியைக் கொண்டு செய்யப்பட்டது. 2011-இல் வெளியான இரண்டாம் ஆட்டத்துக்கு நிறுவனம் தானே ரெட் எஞ்சின் என்னும் ஆட்டப்பொறியை எழுதியது. 2015 மே மாதத்தில் வெளியான த விட்சர் 3 அப்பொறியின் புதிய பதிப்பில் உருவானது. ஆட்டக்காரர் தம் விருப்பப்படி எத்திசையிலும் செல்லக்கூடிய திறந்த உலகம், துணைக்கதைகளுக்கும் முதன்மைக் கதைக்கு இணையான எழுத்துத் தரம் ஆகியவற்றால் இது பெரும் புகழ் பெற்றது. 2023 மே மாதத்துக்குள் இதன் 5 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்பனையாகியிருந்தன.

இவ்வெற்றி ஒரு வழக்கையும் தோற்றுவிக்கப் பார்த்தது. உரிமத்தை விற்றபோது சப்கோவ்ஸ்கி இலாபத்தில் பங்கு கேட்காமல் ஒட்டுமொத்தத் தொகை ஒன்றையே பெற்றுக்கொண்டிருந்தார். 2018-இல் அவர் தரப்பு வழக்கறிஞர்கள் 6 கோடி சுவோட்டி கூடுதலாகக் கோரினர். 2019 டிசம்பரில் இரு தரப்பும் புதிய உடன்பாட்டுக்கு வந்தன.

சைபர்பங்க் 2077-இன் வெளியீடு

2012-இல் அறிவிக்கப்பட்டு, 2020-இல் மட்டும் மூன்று முறை தள்ளிவைக்கப்பட்ட சைபர்பங்க் 2077, அவ்வாண்டு டிசம்பர் 10 அன்று வெளியானது. வெளிவருவதற்கு முன்பே 80 இலட்சம் படிகள் முன்பதிவாகியிருந்தன. ஆற்றல்மிக்க கணினிகளில் ஓரளவு நன்றாக ஓடிய ஆட்டம், 2013-இல் சந்தைக்கு வந்த பிளேஸ்டேசன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய கருவிகளில் அடிக்கடி உறைந்தது. கட்டடங்களும் மனிதர்களும் உரிய நேரத்தில் திரையில் தோன்றவில்லை. ஆட்டம் இடையிலேயே நின்றுபோனது. வெளியான எட்டு நாட்களில் சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்து இதனை நீக்கி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. 2021 சூனில்தான் ஆட்டம் மீண்டும் அங்கு விற்பனைக்கு வந்தது.

2021 சனவரியில் இவின்ஸ்கி வெளியிட்ட நிகழ்படத்தில் பொறுப்பு நிர்வாகத்துடையதே என ஏற்றுக்கொண்டு காரணத்தை விளக்கினார். ஆட்டத்தை முதலில் கணினிகளுக்காக மிக அழகாக அமைத்து, பின்னர் பழைய கருவிகளுக்கு ஏற்பச் சுருக்க முனைந்ததும், அக்கருவிகளில் உலகத்தின் தரவுகளை ஓட்டத்தினிடையே ஏற்றும் முறை ஈடுகொடுக்காததும் முதன்மைக் காரணங்கள் எனக் கூறினார். தொடர்ச்சியான திருத்தங்களுக்குப் பின் 2023 செப்டம்பரில் வந்த பெரிய இற்றையும் விரிவாக்கமும் ஆட்டத்தின் பெயரை மீட்டன. ஆயினும் அதற்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பிடித்தன.

ஆட்டப்பொறி

ஆட்டப்பொறி என்பது ஒரு நிகழ்பட ஆட்டத்தின் அடியில் இயங்கும் பொதுவான மென்பொருள் தொகுதியாகும். முப்பரிமாண உருவங்களை வரைதல், ஒளியும் நிழலும் கணித்தல், மோதலையும் ஈர்ப்பையும் கணித்தல், ஒலி எழுப்புதல், கோப்புகளை நினைவகத்துக்குக் கொண்டுவருதல் ஆகிய பணிகளை அது செய்கிறது. கதை, பாத்திரங்கள், ஊர்கள் ஆகியவை அதன்மீது அமைக்கப்படுகின்றன. நாடகக் கொட்டகையையும் அதன் மேடை, திரை, விளக்குகளையும் ஆட்டப்பொறிக்கு ஒப்பிட்டால், அங்கு நடிக்கப்படும் நாடகம் ஆட்டத்துக்கு ஒப்பாகும்.

சொந்தப் பொறியின் நன்மை, தேவைக்கேற்ப அதனை எப்படியும் மாற்றிக்கொள்ளலாம் என்பதாகும். அதன் தீமை, கொட்டகையைக் கட்டிக்கொண்டே நாடகத்தையும் ஒத்திகை பார்க்க வேண்டியிருப்பதாகும். சிடி புரொஜெக்ட் ரெட்டின் ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதிலிருந்து பெரிதும் வேறுபட்டது. த விட்சர் 2 தனித்தனிப் பகுதிகளால் ஆனது. த விட்சர் 3 பரந்த நாட்டுப்புறத்தைக் கொண்டது. சைபர்பங்க் 2077 பாத்திரத்தின் கண் வழியாகவே பார்க்கப்படும் நெருக்கமான மாநகரம். எனவே ஒவ்வொரு முறையும் பொறியின் பெரும்பகுதியைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. பொறி நிலைபெறும் வரை ஊர்களை அமைப்போரும் கதை எழுதுவோரும் தங்கள் வேலையை முழுமையாகச் சோதிக்க இயலாது. மேலும், வெளியார் எவரும் அறிந்திராத கருவிகளைப் புதிய பணியாளர்கள் கற்றுக்கொள்ளப் பல மாதங்கள் தேவைப்படும்.

பொறி மாற்றம்

2022 மார்ச் 21 அன்று, பனியில் புதைந்த பதக்கம் ஒன்றின் படத்துடன் புதிய விட்சர் ஆட்டம் அறிவிக்கப்பட்டது. அது லின்க்ஸ் என்னும் காட்டுப் பூனையின் முகம் பொறித்த பதக்கம் என்பது சில நாட்களில் உறுதியானது. அமெரிக்காவின் எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் அன்ரியல் எஞ்சின் 5 இதற்குப் பயன்படும் என்பதும் அதே நாளில் அறிவிக்கப்பட்டது. இது வெறும் உரிமக் கொள்முதல் அன்று. திறந்த உலக ஆட்டங்களுக்கு ஏற்ப அப்பொறியை மேம்படுத்துவதில் இரு நிறுவனங்களின் பொறியாளர்களும் சேர்ந்து உழைக்கும் கூட்டுறவு என விளக்கப்பட்டது.

2022 அக்டோபரில் வெளியான திட்ட அறிக்கையில் இவ்வாட்டம் போலாரிசு என்னும் குறிப்பெயரால் சுட்டப்பட்டது. இது ஒரு முத்தொகுதியின் முதல் ஆட்டம் என்றும், இது வெளியான பின் ஆறு ஆண்டுகளுக்குள் மற்ற இரண்டும் வெளிவரும் என்றும் கூறப்பட்டது. இதற்கு முன்பு விட்சர் 1-இலிருந்து 3 வரை வர எட்டு ஆண்டுகள் ஆயின. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பொறியைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தால், மேலும் பெரிதான ஆட்டங்களை அதைவிடக் குறைந்த காலத்தில் முடிப்பது கடினம். பொறி மாற்றத்துக்கும் முத்தொகுதித் திட்டத்துக்கும் இடையிலான தொடர்பு இதுவே.

தரவு ஏற்றச் சிக்கல்

சைபர்பங்கை வீழ்த்திய சிக்கலைப் புரிந்துகொள்ளச் சில எண்கள் உதவும். திறந்த உலக ஆட்டம் ஒன்றின் கோப்புகள் பல பத்து கிகாபைட்டு அளவினவை. ஆனால் பிளேஸ்டேசன் 4-இன் நினைவகம் 8 கிகாபைட்டு மட்டுமே. ஆகவே உலகம் முழுவதையும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் வைக்க முடியாது. ஆட்டக்காரர் நகர நகர, முன்னால் வரவிருக்கும் தெருக்களைச் சேமிப்பகத்திலிருந்து எடுத்து வைத்து, பின்னால் விட்டுவந்தவற்றை நீக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இதனைத் தொடரேற்றம் எனலாம்.

பிளேஸ்டேசன் 4-இல் இருந்தது சுழலும் வன்தட்டு. அதிலிருந்து நொடிக்கு 50 முதல் 100 மெகாபைட்டு வரையே படிக்க முடியும். கோப்புகள் தட்டில் சிதறியிருந்தால் படிமுனை அங்குமிங்கும் நகரவேண்டியிருப்பதால் வேகம் இன்னும் குறையும். நடந்து செல்பவருக்கு இது போதுமானதாக இருக்கலாம். நெருக்கமான மாநகரத்தில் விரைவான வண்டியில் செல்பவருக்குப் போதாது. தெரு வந்துவிடும், அதன் கட்டடங்கள் வந்திருக்கமாட்டா. 2020-இல் வந்த பிளேஸ்டேசன் 5, 16 கிகாபைட்டு நினைவகமும், நொடிக்கு 5.5 கிகாபைட்டு படிக்கும் திண்மநிலைச் சேமிப்பகமும் கொண்டது.

எனினும் வேகமான சேமிப்பகம் மட்டும் சிக்கலைத் தீர்த்துவிடாது. நொடிக்கு 60 சட்டகங்கள் காட்ட வேண்டுமானால், ஒரு சட்டகத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. படித்த தரவைப் பிரித்து, ஒவ்வொரு சுவரையும் மரத்தையும் ஆட்ட உலகின் பட்டியலில் பதிவு செய்யும் வேலையைச் செயலி செய்ய வேண்டும். அவ்வேலை அந்நேரத்தைத் தாண்டினால் படம் ஒரு கணம் திக்கி நிற்கும். அன்ரியல் எஞ்சின் 5-இல் செய்யப்பட்ட பல ஆட்டங்கள்மீது இத்திக்கல் பற்றிய குறை கூறப்பட்டுள்ளது. வாடகைப் பொறியை ஏற்ற சிடி புரொஜெக்ட் ரெட் அதன் இந்தக் குறையையும் சேர்த்தே ஏற்க நேர்ந்தது.

2025 தொழில்நுட்பக் காட்சி

2025 சூன் 3 அன்று அமெரிக்காவின் ஒர்லாண்டோ நகரில் எபிக் கேம்ஸ் நடத்திய நிகழ்வில், த விட்சர் 4-இன் உலகைக் கொண்ட தொழில்நுட்பக் காட்சி ஒன்று காட்டப்பட்டது. அது சாதாரண பிளேஸ்டேசன் 5 கருவியில், ஒளிக்கதிர்த் தடமறிதலுடன் நொடிக்கு 60 சட்டகங்களில் ஓடியது. முந்தைய மூன்று ஆட்டங்களிலும் ஆட்டக்காரர் சென்றிராத கோவிர் என்னும் மலைநாடும், அதன் துறைமுக நகரான வால்டிரெஸ்டும் காட்சியில் இடம்பெற்றன.

இக்காட்சியில் மூன்று கூறுகள் விளக்கப்பட்டன.

முதலாவது, விரைவுத் தொடரேற்றம். அன்ரியல் பொறியில் ஒவ்வொரு பொருளும் பல பண்புகளையுடைய முழு உறுப்பாகப் பதிவு செய்யப்படுவது வழக்கம். அசையாத பாறைக்கும் சுவருக்கும் அவ்வளவு பதிவு தேவையில்லை. அத்தகைய பொருட்களை மட்டும் பிரித்து, எளிய வடிவில், முதன்மைச் செயலோட்டத்தைத் தடுக்காமல் ஏற்றும் முறையை இரு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கின. இது அன்ரியல் எஞ்சின் 5.6 பதிப்பில் சோதனை வடிவில் சேர்க்கப்பட்டதால், பிற நிறுவனங்களும் பயன்படுத்தக்கூடியதாயிற்று.

இரண்டாவது, காடு. தொலைவிலுள்ள பாறையைக் குறைந்த முக்கோணங்களால் வரைந்தாலும் அது பாறையாகவே தெரியும். மரம் அவ்வாறன்று, இலைகளைக் குறைத்தால் மரம் மொட்டையாகிவிடும். ஆதலால் தொலைவில் இலைக்கூட்டத்தைச் சிறுசிறு கனசதுரங்களாக மாற்றி வரையும் முறை காட்டப்பட்டது. அடர்ந்த காட்டின் தோற்றம் கெடாமல் கணிப்பின் சுமை இதனால் குறைகிறது.

மூன்றாவது, மக்கள் கூட்டம். வால்டிரெஸ்ட் சந்தையில் ஒரே நேரத்தில் தனித்தனி அசைவுகள் கொண்ட ஏறத்தாழ 300 மனிதர்கள் காட்டப்பட்டனர்.

கணினியில் செய்து பின்னர் ஆட்டக்கருவிக்குச் சுருக்கும் பழைய வழக்கத்துக்கு மாறாக, இம்முறை ஆட்டக்கருவியையே அடிப்படையாகக் கொண்டு தொடங்குவதாக நிறுவனத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளர்கள் அப்போது தெரிவித்தனர். 2021-இல் இவின்ஸ்கி கூறிய காரணத்துக்கு நேரான மறுமொழியாக இது கருதத்தக்கது.

கதையும் முதன்மைப் பாத்திரமும்

முதல் மூன்று ஆட்டங்களின் நாயகன் கெரால்ட். த விட்சர் 4-இல் அவருடைய வளர்ப்பு மகளான சிரி முதன்மைப் பாத்திரமாகிறார். புதினங்களில் இவர் சின்ட்ரா நாட்டு அரச குடும்பத்தில் பிறந்து, நாட்டை இழந்து, கெரால்ட்டின் கோட்டையில் வாட்பயிற்சி பெற்றவர். த விட்சர் 3-இல் ஆட்டக்காரரின் முடிவுகளுக்கேற்ப இவர் பேரரசியாகலாம், விட்சராகலாம், அல்லது உயிரிழந்தவராகவும் கருதப்படலாம். ஒரு தொடர்ச்சி ஆட்டம் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். புதிய ஆட்டம் அவர் விட்சராகும் பாதையைத் தொடர்கிறது. உடல் மாற்றச் சோதனைக்கும் அவர் உட்பட்டுள்ளார் என உருவாக்குநர்கள் உறுதிப்படுத்தினர். புதினங்களில் இச்சோதனை சிறுவர்களுக்கே நிகழ்வதால், இது எவ்வாறு இயன்றது என்பது வாசகர்களிடையே விவாதப் பொருளானது.

2024 டிசம்பரில் அமெரிக்காவின் த கேம் அவார்ட்ஸ் நிகழ்வில் வெளியான ஏறத்தாழ ஆறு நிமிட முன்னோட்டம், கதைகளின் போக்கை நன்கு பின்பற்றுகிறது. ஒரு சிற்றூரார் காட்டுப் பூதத்துக்கு ஓர் இளம்பெண்ணைப் பலியிட அனுப்புகின்றனர். சிரி பூதத்தைக் கொன்று பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார். அவர் ஊருக்குள் வந்தபோது அப்பெண் தன் ஊராராலேயே கொல்லப்பட்டுக் கிடக்கிறாள். பூதத்தை வெல்லும் வாளால் அச்சத்தை வெல்ல முடியவில்லை.

பணியாளர்கள்

ஆட்டத்தின் இயக்குநர் செபாஸ்டியன் கலெம்பா ஆவார். 2024 நவம்பரில் முழு அளவிலான தயாரிப்புக் கட்டம் தொடங்கியதாக நிறுவனம் அறிவித்தது. அக்காலத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இதில் பணியாற்றினர்.

சைபர்பங்க் உருவானபோது கட்டாய மிகைநேரப் பணியைத் தவிர்க்கப்போவதாக 2019-இல் கூறியிருந்த நிர்வாகம், வெளியீடு நெருங்கிய 2020 செப்டம்பரில் வாரத்துக்கு ஆறு நாள் வேலையைக் கட்டாயமாக்கியது. இது பரவலாகக் கண்டிக்கப்பட்டது. 2023 சூலையில் ஏறத்தாழ 100 பணியாளர்களை நீக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து, அவ்வாண்டு அக்டோபரில் போலந்து ஆட்டத்துறைப் பணியாளர்களுக்கான தொழிற்சங்கம் ஒன்று உருவானது. பொறி மாற்றத்தின் பயனை மதிப்பிடும்போது, அது பணியாளர்களின் இரவுகளை மிச்சப்படுத்தியதா என்பதும் ஓர் அளவுகோலாகும்.

ஐயங்கள்

தொழில்நுட்பக் காட்சி என்பது ஆட்டமன்று. 2025 காட்சி அன்ரியல் பொறியின் திறனைக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டதே தவிர, இறுதி ஆட்டத்தின் பகுதியன்று என நிறுவனமே தெளிவுபடுத்தியது. இதற்கு முன்நிகழ்வு உண்டு. 2018 ஆகத்தில் வெளியான 48 நிமிட சைபர்பங்க் காட்சியை நினைவில் வைத்திருந்தவர்கள், 2020-இல் கையில் கிடைத்த ஆட்டத்தோடு அதனை ஒப்பிட்டு ஏமாற்றமடைந்தனர்.

பல பெரிய நிறுவனங்கள் தம் பொறிகளைக் கைவிட்டு ஒரே பொறியை நாடுவதும் ஐயத்துக்குரியது. பொறியின் உரிமையாளர் விதிகளை மாற்றினால் அனைவரும் பாதிக்கப்படுவர். ஆட்டங்கள் தோற்றத்தில் ஒன்றுபோலாகிவிடும் என்ற அச்சமும் உள்ளது. மறுபுறம், ஒரு நிறுவனம் செய்யும் மேம்பாடு, விரைவுத் தொடரேற்றத்தைப் போல, சிறு நிறுவனங்களுக்கும் எட்டுகிறது.

முதல் விட்சர் ஆட்டமும் பிறருடைய பொறியிலேயே பிறந்தது. அன்று சொந்தமாக எழுத வசதியற்ற சிறு குழுவாக இருந்ததால் வாடகைப் பொறி தேவைப்பட்டது. இன்று எழுதத் தெரிந்தும், அதற்குச் செலவாகும் காலத்தை வேறு பணிகளுக்குத் தருவதற்காக அதே வழி தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. அவ்வாறு மிச்சமாகும் காலம் கதைக்கும் சோதனைக்கும் உண்மையில் சென்றதா என்பது, விலை உயர்ந்த கணினிகளில் அன்றி, ஆட்டக்காரர்களின் வீடுகளிலுள்ள சாதாரணக் கருவிகளில் ஆட்டம் ஓடும்போதே தெரியவரும்.